டேபிர் யாருக்குப் பங்காளி?

கேள்வி: பன்றி உடம்பு, குட்டித் தும்பிக்கை. இந்த டேபிர் யாருக்குச் சொந்தம்? அதில் ராட்சத இனம் ஒன்று இருந்ததாமே?

பதில்: பன்றியும் இல்லை, யானையும் இல்லை. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும்தான் பங்காளி! மூக்கைப் பார்த்து ஏமாறாமல் காலைப் பாருங்கள்: முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் காண்டாமிருகத்துக்கு இருப்பது போலவே மூன்று.

ராட்சத டேபிர் பனியுகக் காலத்தில் தென் சீனக் காடுகளில், பாண்டாக்களோடும் ஸ்டெகோடான் என்ற யானை உறவினங்களோடும் வாழ்ந்தது. இன்றைய மலேயா டேபிர் சுமார் 300 கிலோ. ராட்சத டேபிரோ அரை டன்னைத் தாண்டியிருக்கும் என்கிறது கணக்கு.

அது அகப்பட்ட கதைதான் அருமை. அன்றைய சிச்சுவானில் யாஞ்சிங்கோ என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் இறங்கி ஊர்க்காரர்கள் எலும்பு தோண்டுவார்கள். 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கடைக்குப் போய், பொடியாகி, நோயாளி வயிற்றுக்குள் போய்விடும். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வால்டர் கிரேஞ்சர் 1921இல் அங்கே போய், காசு கொடுத்து எலும்புகளை வாங்கினார். தொல்லுயிர் ஆய்வாளர் மேத்யூவும் அவரும் 1923இல் இந்த டேபிருக்குப் பெயர் சூட்டினார்கள். உரலுக்கு முந்திக்கொண்டு போன கிரேஞ்சரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அதற்கு முன் எத்தனை டேபிர்கள் கஷாயமாகிப் போயினவோ!