இஃப் கிளாஸ் சார்

தெருவுக்கொரு பிள்ளையார் கோயில் இருக்கிறதோ இல்லையோ, ஊருக்கொரு இஃப் கிளாஸ் சார் உண்டு. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, கரும்பலகை, நெருக்கியடித்து உட்கார்ந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் சார் தலைக்கு மேல்தான் சுற்றும்.

சட்டைப் பையில் சாக்பீஸ், கக்கத்தில் அட்டை போன ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென்தான் 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றிய சாகச நாவல் எழுதிப் புகழ் பெற்றவர் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார். “கிராமர் எழுதின மனுஷன் கதை எழுதுவாராய்யா?”

அவர் கையில் மூன்று வாய்ப்பாடுகள். இஃப்புக்கு அடுத்து பிரசன்ட் வந்தால் மறுபாதியில் வில். பாஸ்ட் வந்தால் வுட். ஹேட் போட்டு வி-த்ரீ வந்தால் வுட் ஹேவ். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது கற்பனை, மூன்றாவது கைநழுவிப் போனது. பிள்ளைகள் தினமும் கோரஸாகக் கத்தியதில் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் இது மனப்பாடம்.

இஃப் இருக்கும் பாதியிலேயே வில்லையும் போடுகிறவன் அவர் கணக்கில் கொலைக்குற்றவாளி. “இஃப் இட் வில் ரெயினா? மழை பெய்யறதுக்கு முந்தியே உனக்கு வில் கேக்குதா? இஃப் இட் ரெயின்ஸ்டா!” அன்லெஸ் எழுதி நாட்டும் எழுதினால், “அன்லெஸ்ஸுக்குள்ளயே நாட் இருக்கு. பாயசத்துக்கு எத்தனை தடவைடா சர்க்கரை போடுவ?” என்பார்.

ஒரு பையன் எழுந்தான். “சார், ஐ-க்கு வாஸ்தானே வரும்? இஃப் ஐ வேர் எ பேர்ட்னு போட்டிருக்கே?”

“நீ பறவையாடா?”

“இல்ல சார்.”

“அப்ப வேர். உக்காரு.”

இலக்கணம் இத்தனை துல்லியமாகத் தெரிந்தவருக்கு வசூல் மட்டும் வராது. ஜூனில் ஒரு அப்பா வந்தார். “சம்பளம் வந்தா ஃபீஸ் குடுத்துடறேன் சார்.” டைப் ஒன்று, நடக்கக்கூடியது. சார் தலையாட்டினார். தீபாவளி நெருங்கியது. “கையில காசு இருந்தா குடுக்க மாட்டேனா சார்?” டைப் இரண்டு, கற்பனை. சாருக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. பொங்கல் கழித்துப் பையனை வேறு டியூஷனில் சேர்த்துவிட்டு, கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது அவர் சொன்னார்: “அன்னிக்கே கறாரா கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருப்பேனே சார்!” டைப் மூன்று. மூன்று வாக்கியத்திலும் ஒரு பிழை கிடையாது. பிழையில்லாத ஆளிடம் சார் எப்படிச் சண்டை போடுவார்? மறுநாளே மூன்றையும் ஆங்கிலத்தில் மாற்றிக் கரும்பலகையில் எழுதி, “நல்ல உதாரணம், குறிச்சுக்குங்க” என்றார்.

வீட்டுக்காரம்மாவுக்கு இலக்கணம் தெரியாது, இவரைத் தெரியும். “ஏங்க, நீங்க ஃபீஸ் கேக்கப் போனா வெறுங்கையோடதான் வர்றீங்க.”

சார் விரல்விட்டுப் பார்த்தார். ரெண்டு பக்கமும் பிரசன்ட். பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும் என்பதுபோல என்றைக்கும் மாறாத உண்மை.

“அது ஜீரோ கண்டிஷனல்டி. பரீட்சைக்கு வராது, விடு” என்றார்.