மோதி பாக் குடும்பத்தார் ஏரியில் மீன் பிடித்தல்: சில பூர்வாங்கக் குறிப்புகள்

எந்த ஆய்வும் சொல்லாராய்ச்சியில் தொடங்க வேண்டும் என்பது மரபு. ‘மோதி’ இந்தியில் முத்து, ‘பாக்’ தோட்டம். தமிழில் படித்தால் ‘மோதி’ ஒரு வினையெச்சம். காலை ஒன்பதரை மணிக்குத் தில்லி ரிங் ரோட்டில் நின்றவர்கள் தமிழ்ப் பொருளே பொருத்தம் என்பார்கள். முத்து நீரில் விளைவது, ஆகவே இங்கே ஒரு காலத்தில் பெருநீர் இருந்திருக்க வேண்டும் என்று மாடி வீட்டு மாமா ஒரு கருதுகோளை முன்வைத்தார். அவர் ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி. எதையும் மூன்று படிகளில் சொல்வார். நான் அதை மறுக்கிறேன். எங்கள் பிளாக்கில் நீர் என்பது காலை ஆறு முதல் எட்டு, மாலை ஆறு முதல் எட்டு. இந்தத் தரவை வாசகர் மறக்கக் கூடாது.

‘தூண்டில்’ என்பதைத் தூண்டு + இல் என்று பிரிப்பேன். இல்லத்தார் தூண்டுவதால் பிடிக்கப்படுவது தூண்டில். இலக்கணக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்களுக்குப் பள்ளி விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இல்லை போலும்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தன் மானசோல்லாசத்தில் மீன் பிடிப்பதை அரசர்க்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாகச் சேர்த்தான். எந்த மீனுக்கு என்ன தீனி என்பது வரை எழுதினான். வள்ளுவரோ தூண்டிலையும் மீனையும் சூது அதிகாரத்தில் வைத்தார், முன்னெச்சரிக்கை உள்ளவர். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு நூலும், ஏரி குளங்களுக்கென்றே 1887இல் இன்னொரு நூலும் எழுதினார். அரசு ஊழியருக்கு இத்தனை லீவு எப்படிச் சாங்ஷன் ஆயிற்று என்ற ஒன்றைத்தான் மாமா அறிய விரும்பினார்.

ஏரிக்கரையில் முகாமிட்டு மீன் பிடிப்பதே எங்கள் திட்டம். முகாம் என்பதும் எங்கள் பேட்டைக்குப் புதிதல்ல. 1707இல் குரு கோவிந்த் சிங் படையோடு வந்து தங்கியது இங்கேதான். மோதி பாக் சாகிப் குருத்வாரா அதன் நினைவு. இங்கிருந்து அவர் எய்த அம்பு செங்கோட்டையில் போய் விழுந்தது என்பது சீக்கிய மரபு. எங்கள் முகாமை அதன் அருகில் வைத்துப் பேசுவதே அபசாரம், விடுகிறேன். 2018இல் திறந்த எங்கள் மெட்ரோ ஸ்டேஷனுக்குச் சர் விஸ்வேஸ்வரய்யா பெயர். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பேர்போனவர். தமிழன் அந்தப் பலகையைப் பார்த்ததும் காவிரியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறான். பிங்க் லைன் வந்துவிடுகிறது.

இனி ஆய்வின் இதயம்: தேதி. மீனுக்கும் பஞ்சாங்கம் உண்டு. குளிர் ஏறினால் அதன் உடலும் மந்தமாகி, தீனியைக் குறைத்துவிடும். மழைக்காலத்தில் ரோகு, கட்லா முட்டையிடும். அப்போது தொந்தரவு செய்வது தர்மம் அல்ல. எங்கள் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் பெரியவளுக்குப் பப்ளிக் எக்ஸாம். மார்ச்சில் நிதியாண்டு முடிவு. அந்த மாதம் மீன் என்ற சொல்லே ஆபீஸ் ஃபைல்களில் கிடையாது. மே வந்தால் எல்.டி.சி. பயணச் சலுகை வாங்கித் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவோம். இருந்து பார்த்தாலும் லூ காற்றில் ஏரிக்கரையில் நாங்களே வறுபடுவோம். புரட்டாசியில் வீட்டில் முட்டை கூடக் கிடையாது. பிறகு கொலு, தீபாவளி, சஷ்டிக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர். நவம்பரில் புகை, எதிரே நிற்பது ஏரியா லாரியா என்று தெரியாது. சனிக்கிழமைகளை என் மாமியார் எடுத்துக்கொண்டார். எல்லாம் கழித்து எஞ்சியது ஜனவரியில் ஒரு ஞாயிறு. அன்று ஏரியில் மீன் விரதம்.

இடம் குறித்து விவாதம் குறைவு. ஹௌஸ் காஸ் ஏரி பக்கம்தான்; அலாவுதீன் கில்ஜி வெட்டியது; ஆனால் அங்கே தூண்டிலோடு போனால் நம்மைத்தான் பிடிப்பார்கள். ஃபரீதாபாத் பட்கல் ஏரியில் மாமா எழுபதுகளில் படகு விட்டிருக்கிறார். அது பின்னால் வற்றிப்போய்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் தரையாயிற்று. ஆகவே சோனா அருகே, தில்லியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் ஆரவல்லிக் குன்றுகளை ஒட்டிய தம்தமா ஏரி.

“என்னங்க, மீனுதானே வேணும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வெட்டியே குடுக்கிறானே” என்றாள் என் மனைவி. ஆய்வின் அடித்தளத்தையே தகர்க்கும் வாதம் என்பதால் கண்டுகொள்ளாமல் மேலே சென்றேன்.

கொண்டு சென்றவை: இரவல் கூடாரம் ஒன்று, பவானி ஜமக்காளம் இரண்டு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி அறுபது, புளியோதரை, தயிர் சாதம், மாவடு, ஃபிளாஸ்க், மாமி, மாமா. இருவரும் சுத்த சைவம், பார்வையாளர்களாக வந்தார்கள். வடக்கே தூண்டிலுக்கு ஆட்டா உருண்டைதான் இரை. மாமி அதில் பெருங்காயம் சேர்த்துப் பிசைந்தார், “மீனுக்கும் ஜீரணம் ஆகணுமோல்லியோ?” 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. மாமியின் மோர்மிளகாய் இதில் எந்தப் பிரிவில் வரும் என்று மாமா சோனா வரை யோசித்துக்கொண்டு வந்தார்.

பதினொன்றரைக்குக் கூடாரம் எழுந்தது. பன்னிரண்டுக்கு மாமி அதற்குள் படுத்தார்; அதன்பின் அது வேறெதற்கும் பயன்படவில்லை. தக்கை மூன்று முறை அசைந்தது. முதல் முறை காற்று, இரண்டாம் முறை என் தும்மல். மூன்றாவது உண்மையான மீன், சுண்டுவிரல் நீளம். பையன் அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் ஏரியிலேயே விட நேர்ந்தது.

இரவும் தங்கினால்தான் முகாம் என்பது அறிஞர் கருத்து. மூன்று மணிக்குச் சூரியன் குன்றின் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் வெள்ளித்தகடு போல் கிடந்தது. தூரத்தில் ஏதோ பறவை முங்கி எழுந்தது. ஒரு கணம் எல்லாருமே தங்கிவிடலாம் என்று நினைத்தோம். அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது: “ஆறு மணிக்குத் தண்ணி வந்துடும். நாளைக்குத் தோய்க்கணும்.”

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கண்ணெதிரே ஓர் ஏரித் தண்ணீரை விட்டுவிட்டு, நான்கு பக்கெட்டும் ஒரு டிரம்மும் நிரப்ப, 60 கிலோமீட்டர் திரும்பி ஓடினோம். ஐந்து ஐம்பதுக்கு வீடு. அன்று தண்ணீர் வரவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதி: மோதி பாக் குடும்பம் ஏரிக்கரையில் தங்கும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் இரு வேளைகளுக்கு நடுவே உள்ள நேரத்தில் பயணத்தைக் கழித்தால் வருவது. மீனுக்கு இந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்பட்ட அவசரத்தில் கூடாரத்தின் நான்காவது முளையைப் பிடுங்க மறந்துவிட்டோம். கரையோரக் கருவேல மரத்துக்குக் கிழக்கே பத்தடியில் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எடுத்துவந்து தந்தால் நன்று. கூடாரத்தை இரவல் கொடுத்தவர் வாரம் இரண்டு முறை கேட்கிறார்.