ஒப்பந்தக் கலியாணக் கதை வாசகி

ஒப்பந்தக் கலியாணக் கதை வாசகி வன்னியில் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவர். கச்சேரி மேசை, வீட்டுத் தையல் மெசின், அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் ஆகிய இடங்களில் காணப்படுவார். கையில் பிள்ளையின் கணிதக் கொப்பி உறை போட்ட ரமணிசந்திரன் நாவல் இருக்கும். உறை புத்தகம் கிழியாமலிருக்க அல்ல. மாமியார் அட்டைப்படத்தைப் பார்க்காமலிருக்க.

கதை எப்போதும் ஒன்றுதான். தாத்தாவின் உயிலோ தம்பியின் கடனோ காரணமாக, முன்பின் பழகாத இருவர் மணவறையில் இருக்க நேர்கிறது. நாயகனுக்கு மலையில் பங்களா உண்டு, சிரிப்பு கிடையாது. “பெயருக்குத்தான் இந்தக் கலியாணம்” என்று முதலிரவில் அறிவிப்பான். புத்தகம் முடிய இருபது பக்கம் இருக்கையில் மன்னிப்புக் கேட்பான்.

இக்கதைக்கு இங்கிலாந்தில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் மனநலம் குன்றியிருந்ததால் மகன் ஆட்சியை நடத்திய 1811 – 1820 காலத்தை ரீஜென்சி என்பார்கள். அந்தக் காலத்தைக் காதல் நாவலுக்குள் குடியேற்றியவர் ஜோர்ஜெட் ஹேயர். 1961இல் வெளிவந்த அவருடைய ‘எ சிவில் கொன்ட்ராக்ட்’ நாவலில், கடனில் மூழ்கிய இளம் பிரபு ஒருவர் பணக்கார வியாபாரியின் மகளைக் கட்டுகிறார். லண்டன் விமர்சகருக்கு இது சரித்திர நாவல். வன்னி வாசகிக்கு, சந்தைக்குப் பின்னால் மூன்றாம் வீட்டில் போன ஆவணியில் நடந்த விசயம். அவர் கேட்கும் முதல் கேள்வி, “உறுதி ஆற்ற பேரில?” என்பதுதான். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் மனைவியின் ஆதனம் பெரும்பாலும் கணவன் கைக்கே போனது என்றால் திகைத்துப்போவார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டமே சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக வைத்திருக்கிறது. வெள்ளைக்காரர் இவ்வளவு பின்தங்கியிருந்தார்களா?

ஆகவே ஒப்பந்தம் இவரை மயக்குவதில்லை. தரகர், சாதகப் பொருத்தம், யாரோ ஒருவரின் காரில் சாய்ந்து நிற்கும் கனடா மாப்பிள்ளையின் படம் எல்லாம் அன்றாடச் சாமான்கள். மயக்குவது, கணவன் தன் மனதை ஏழு பக்கத்துக்கு விளக்குவது. வன்னிக் கணவர் முழுக் காதலையும் “சாப்பிட்டாச்சோ?” என்ற கேள்விக்குள் அடக்கி, தண்ணி மோட்டரைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்தக் கணவர் வந்த வழியும் கதைதான். 2007, 2008இல் கட்டாய ஆள்சேர்ப்புக்கு அஞ்சி, கலியாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே அவசரத் தாலி கட்டிய குடும்பங்கள் வன்னியில் பல. பதிவாளர் கந்தோரும் சனத்தோடு இடம்பெயர்ந்ததால் எழுத்து நடக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் நடமாடும் சேவை வந்த நாளில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. ஹேயரின் நாயகிக்கு முதலில் பத்திரம், கடைசியில் பிள்ளை. இவருக்கு மறுவளம். கலியாணம் வேறு காரணத்துக்காக நடக்கலாம் என்பதை எந்த நாவலாசிரியரும் இவருக்கு விளக்கத் தேவையில்லை.

நூலகர்கள் இவரைத் திருத்த முயல்வார்கள். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை நீட்டுவார்கள், 1973இல் வீரகேசரி வெளியிட்ட, தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நல்ல நாவல் அது.

“அக்கா, இது எங்கட இடத்துக் கதை.”

“காடும் குளமும் யானையும் வீட்டுக்குப் பின்னாலயே நிக்குது தம்பி. பங்களா இருக்கிறதா ஒண்டு தாங்கோ.”

இந்த வாசிப்பால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் குறைவு. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசும்போது நாவலின் நாயகனே வாசலுக்கு வந்தாலும் இவர் அசையமாட்டார். பெடியன் நல்ல வசதி, சரியான கோபக்காரன், ஒருவரோடும் கதைக்கமாட்டான் என்று தரகர் சொல்லி முடிக்குமுன்பே சாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“வேண்டாம் அண்ணை. கதைக்காத ஆள் ஒண்டு வீட்டில ஏற்கெனவே நிக்குது.”