தேவாலாவும் திவாலும்: பெரும்பாதாள வடிவமைப்பு குறித்த ஓர் ஆய்வு

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் வாள்வீரன் என்று வேடம் பூண்டு, இருபது முகப் பகடையை உருட்டியபடி காகிதத்தில் வரைந்த பாதாளத்துக்குள் இறங்கும் ஆட்டம் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் மூன்று சிறுநூல்களாக வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதற்குத் தொல்காப்பியம். ஆட்டம் நடத்துபவர் முதலில் குறைந்தது ஆறு தளங்களையாவது வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது விதிக்கிறது. அன்றுமுதல் இன்றுவரை பாதாளம் கட்டுவோர் கிராஃப் தாளும் பென்சிலுமாகத்தான் தொடங்குகிறார்கள். அறை, தாழ்வாரம், பொறி, பூதம், அடுத்த அறை. மூன்றாம் தளத்துக்குள் வரைபவருக்கே அலுப்புத் தட்டுகிறது. ஐந்தாம் தளத்தில் எல்லா அறைகளும் ஒன்றுபோல இருக்கின்றன. இந்த நோய்க்குக் காரணம் கற்பனைக் குறைவு என்பது பொதுக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இப்படித் தளம் தளமாக விரியும் பெரும்பாதாளம் என்பது நொடித்துப்போன ஒரு தொழில் விட்டுச்செல்லும் மிச்சம். ஆகவே முதலில் வரைய வேண்டியது தளங்களை அல்ல, திவாலை. இதற்கான சான்று நீலகிரி மாவட்டத்தில், கூடலூருக்கு மேற்கே, தேவாலாவிலும் பந்தலூரிலும் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடக்கிறது.

வரலாறு சுருக்கமானது, கூடவே வெட்கக்கேடானது. தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இந்தப் பகுதி 1877இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு வெகுமுன்பே இம்மண்ணின் மக்கள் ஓடை மணலை அலசியும் பாறையைக் குடைந்தும் தங்கம் எடுத்துவந்தார்கள். தங்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதில்தான் எல்லா ஐயமும். காப்பித் தோட்டங்களோ நோய் தாக்கி நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காப்பி விளையாத நிலத்தைத் தங்கம் விளையும் நிலம் என்று விற்கும் வாய்ப்பு எந்தத் தோட்டத் துரைக்கும் கசக்காது. 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற நிபுணரை இந்திய அரசு வரவழைத்தது. அவருடைய நம்பிக்கை ததும்பும் அறிக்கை வெளிவந்ததும் லண்டன் பங்குச் சந்தைக்கு ஜுரம் பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், லட்சக்கணக்கான பவுன் மூலதனம், கப்பலேறி வந்த இயந்திரங்கள். சோதனைச் சாலையில் மின்னிய பாறை, ஆலையில் இடித்துத் தூளாக்கியபோது அந்த அளவுக்கு மின்னவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. கவனிக்க: ஜபல்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டது 1882இல். கீழ்மலையில் மூலதனம் குழிக்குள் விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் மேல்மலையில் பந்துகளைக் குழிக்குள் தள்ள விதி வகுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நிறுவ ஆவணம் இல்லை. ஆய்வாளர்கள் இதுபோன்ற இடங்களில் அடக்கமாக இருந்துவிடுவது நல்லது.

இப்போது வடிவமைப்புக்கு வருவோம். நல்ல பாதாளத்துக்குப் பல நுழைவாயில்களும் சுற்றி வந்து சேரும் பாதைகளும் வேண்டும் என்பது இத்துறையில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஜெனல் ஜேக்வேஸ் 1979இல் வடிவமைத்த ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ இன்றும் இதற்கு முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்தச் சுற்றுப்பாதைகளை எங்கே வைப்பது, ஏன் வைப்பது என்று கேட்டால் கொள்கையாளர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். தேவாலாவில் இந்தக் கேள்வியே எழாது. பக்கத்துக் கம்பெனியை நம்பாத ஒவ்வொரு கம்பெனியும் தன் எல்லைக்குள் தனியாகத் தோண்டும். பழங்குடிகள் குடைந்த பழைய குழி ஒன்று குறுக்கே வந்தால் அதையும் தனதாக்கிக்கொள்ளும். பணம் தீர்ந்த இடத்தில் சுரங்கம் நின்றுவிடும். பிறகு வருகிறவன் நின்ற இடத்திலிருந்து வேறு திசையில் குடைவான். ஒருங்கிணைப்பே இல்லாத பேராசை பத்து ஆண்டுகளில் போடும் சிக்கலை எந்த மேதையும் கிராஃப் தாளில் போட்டுவிட முடியாது. காரணமே தெரியாமல் முடிந்துபோகும் தாழ்வாரம், பாகங்கள் முழுதாக வந்து சேராத இயந்திரம், எதற்கென்று விளங்காத காலி அறை ஆகியவை வழக்கமான பாதாளத்தில் வடிவமைப்பாளரின் சோம்பல்; திவாலான பாதாளத்தில் அவையே வரலாறு. 1874இல் உருவான ஆல்ஃபா கம்பெனி கைவைத்த பாறைப் படிவத்துக்கு ‘மண்டையோடு’ என்றே பெயரிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பெயர் சூட்டும் வேலைகூட மிச்சம்.

புதையலின் அளவு பற்றியும் தேவாலா தெளிவாகப் பேசுகிறது. பழைய விதிகளின்படி மேலே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி; ஆகவே ஆழத்துக்கு ஏற்ப அள்ளிக் கொட்டுகிறார்கள். இது உளவியல் பிழை. தங்கமே இல்லாத சுரங்கத்தை ஒரே வாரத்தில் மறந்துவிடலாம். நிறையத் தங்கம் உள்ள சுரங்கத்துக்கு வேலியும் காவலும் வந்துவிடும். செலவுக்குக் கட்டுப்படியாகாத, ஆனால் முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாத அளவே மனிதனைத் தலைமுறை தலைமுறையாகக் கீழே இழுக்கும். கம்பெனிகள் போய் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் தேவாலாப் பகுதியில் அந்தப் பழைய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மண் சரிந்தும் காற்றில்லாமல் மூச்சுத் திணறியும் இறந்திருக்கிறார்கள். அவர்களை இறக்குவது வேறு வேலை கிடைக்காததும் வறுமையும்தான். அது விளையாட்டல்ல, இக்கட்டுரை மேசையைத் தாண்டி எங்கும் இறங்கச் சொல்லவில்லை. மேசைக்குரிய பாடம் ஒன்று அதிலும் உண்டு: தீப்பந்தம் எத்தனை சுற்றுக்கு எரியும் என்று கணக்கு வைப்பதைவிட, அது ஏன் திடீரென்று மங்குகிறது என்று ஆட்டக்காரர்களைக் கேட்கவைப்பது மேல்.

இனி மறுப்புகள். பாதாளம்தான் வேண்டுமென்றால் குன்னூர் பக்கம் பதினாறு குகைகளோடு மலை ரயிலே இருக்கிறதே, யுனெஸ்கோவே 2005இல் அங்கீகரித்ததாயிற்றே என்பார்கள். பல் சக்கரம் பூட்டி, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் அந்தப் பாதையின் பொறியியலுக்கு நமது வணக்கம். ஆனால் நுழைவது ஓரிடம், வெளிவருவது ஓரிடம், நடுவில் எதுவும் உங்கள் விருப்பத்தில் இல்லை. ஆட்டக்காரர்கள் மோசமான கதைநடத்துநரைத் திட்டும்போது அவர் தங்களைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார் என்றுதான் திட்டுகிறார்கள். சன்னலோர இருக்கை கிடைத்தாலும் இந்தக் குறை தீராது.

கோலார் என்ற மறுப்பு இன்னும் கனமானது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம், 2001 வரை ஓடிய சுரங்கம், தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழர்கள். ஆழம்தான் அளவுகோல் என்றால் கோலாருக்கு முன் தேவாலா வெறும் பள்ளம். ஆனால் கோலாரில் தங்கம் உண்மையிலேயே கிடைத்தது. அதனால் அங்கே மின்தூக்கி வந்தது, ஷிஃப்ட் வந்தது, வருகைப் பதிவேடு வந்தது. சாகசக்காரர் ஒருவர் அங்கே போயிருந்தால் டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கவைத்திருப்பார்கள். வெற்றி பெற்ற சுரங்கம் தொழிற்சாலையாகிறது. தோற்ற சுரங்கம் மட்டுமே பாதாளமாகிறது.

மாயாஜால உலகத்தில் காரணகாரியம் எதற்கு, பித்துப்பிடித்த ஒரு மந்திரவாதி கட்டினான் என்று சொல்லிவிட்டால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. தமிழ் மரபு இதை ஏற்கவில்லை. கிட்கிந்தா காண்டத்தில் கம்பர் ‘பிலம் புக்கு நீங்கு படலம்’ என்று ஒரு படலத்தையே பாதாளத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். தாகத்தோடு திரியும் வானரர், இருட்டு, உள்ளே பொன்னொளி வீசும் நகரம், காவலுக்கு ஒரு தவமகள், வெளியேற வழியில்லை. அங்கும் நகரைக் கட்டியவன் யார், அது ஏன் ஆளற்றுக் கிடக்கிறது, அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்பதற்கெல்லாம் கதை இருக்கிறது. கூடவே, அனுமன் பேருருவெடுத்துக் குகையையே பிளந்து எல்லாரையும் வெளியேற்றுகிறான். ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்த சுழல்வழியை ஓர் ஆட்டக்காரர் கூரையை உடைத்து முடித்துவைக்கும் துயரம் கம்பருக்கும் தெரிந்திருக்கிறது.

நிலத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை வடிவமைப்பாளர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், இது பெரும்பிழை. இதே நீலகிரி மாவட்டத்துச் சிங்காராவில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள். யானைகள் நடமாடும் காடு, பக்கத்தில் முதுமலைப் புலிகள் காப்பகம். 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது, திட்டம் தேனிப் பக்கம் நகர்ந்தது. திரியும் பூதம் வருகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டச் சொன்ன 1974 விதிநூல், பாதாளமே தோண்டப்படாமல் நின்றுபோகும் அளவுக்குத் திரியும் விலங்குக்கு வலிமை உண்டு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே முதல் தளத்துக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட் அவசியம். ஓயாத மழையும் அட்டையும் இருக்க வேண்டும். தேவாலா மழைக்குப் பேர்போன இடம், கீழ்த்தளங்களில் வெள்ளம் ஏறும் நாட்களை வானமே தீர்மானிக்கட்டும். துரைக்கும் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டருக்கும் ஆகாது, கண்டக்டருக்கும் கங்காணிக்கும் ஆகாது, லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு மூவரையும் நம்ப முடியாது. எந்தக் குழி எங்கே போகிறது என்பது கொழுந்து எடுப்பவர்களுக்குத்தான் தெரியும், அதை அவர்கள் துரையிடம் சொல்லமாட்டார்கள். பூதங்களுக்கும் இதே படிநிலையைக் கொடுத்துவிட்டால் அறைக்குள் அடைந்தபடி எதிரிக்காகக் காத்திருக்கும் வேலையற்ற பிசாசுகளின் சிக்கல் தீர்ந்தது. சம்பளப் பாக்கி உள்ள பிசாசு சும்மா இருக்காது.

எஞ்சியிருப்பது அடித்தளம். வழக்கப்படி அங்கே ஒரு டிராகனைப் படுக்கவைப்பார்கள். நமது கருதுகோளின்படி அங்கே இருக்க வேண்டியது கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். மேல்கோட்டும் தொப்பியுமாக லண்டனிலிருந்து வந்து சேர்ந்த ஆவிகள் ஒரு நீள மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. போதிய உறுப்பினர் வராததால் கூட்டம் ஒன்றரை நூற்றாண்டாக ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. ஆட்டக்காரர்கள் நால்வரும் உள்ளே நுழைந்ததும் எண்ணிக்கை நிறைவாகிவிடுகிறது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை வாசிக்கிறார்: தங்கப் படிவம் மிக அருகில் இருப்பதாக நிபுணர் உறுதியளித்துள்ளபடியால், கையிலுள்ள காசு அனைத்தையும் திரட்டி இன்னும் முப்பது அடி தோண்டுவது. அவர்கள் எதிர்த்து வாக்களிப்பார்கள் என்று கருதுவதற்கு இதுவரை திரட்டிய சான்றுகளில் இடமில்லை; எனவே அதற்கும் கீழே ஒரு தளத்தை வரைந்து வைத்துக்கொள்வது உத்தமம்.