நான் ரோபோ இல்லைங்க

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கல் வேண்டுமா? காலை 11 மணிக்குத் திறக்கும். 'முருகேசன், வயது 54, லோயர் பெர்த்' என்று ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருங்கள். பெயரை முடித்து வயதுக்கு வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் தொடங்கியிருக்கும். உங்களை முந்திப் போனது ஆளே இல்லை. சில வரி ஜாவாஸ்கிரிப்ட்.

அது செய்வது பெரிய வித்தையும் இல்லை. பெயர்ப் பெட்டியைத் தேடிப் பிடித்து, முந்தின நாளே எழுதிவைத்த பெயரைக் கொட்டும். வெறுமனே கொட்டினால் இக்காலத் தளங்கள் பல கண்டுகொள்வதில்லை. அதனால் 'இங்கே யாரோ தட்டச்சு செய்தார்கள்' என்று ஒரு பொய்த் தகவலையும் கூடவே கிளப்பிவிடும். தளம் நம்பிவிடும். மனித வேஷம் போட்ட இயந்திரத்துக்கு பெர்த். மனிதனாகவே பிறந்து தொலைத்தவன், கேப்ட்சா என்ற கோணல் எழுத்தைக் கண்ணை இடுக்கிப் படித்து, தான் இயந்திரம் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும்!

ரயில்வே சும்மா இருந்துவிடவில்லை. பயணி விவரம் நிரப்பக் குறைந்தது 25 விநாடி என்று விதி வைத்தது. காத்திருக்கச் சொன்னால் இயந்திரம் காத்திருக்காதா? அதற்கென்ன, அடுப்பில் பாலா பொங்குகிறது?

2020-இல் ரயில்வே பாதுகாப்புப் படை 'ரேர் மேங்கோ' என்ற கள்ள மென்பொருளைப் பிடித்தது. படிவம் நிரப்பும், கேப்ட்சாவைத் தாண்டும், வங்கி ஓடிபியையும் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். விற்க ஐந்தடுக்கு ஆள்வரிசை. உச்சியில் இருந்தவருக்கு வசூல் பிட்காயினில். (கவுன்டரில் நமக்கு இன்னும் சில்லறைத் தகராறு.) 2017-இல் சிக்கிய 'நியோ' இன்னும் ருசி. அதை எழுதியதாகக் கைதானவர் சிபிஐயின் புரோகிராமர். அதற்கு முன் வேலை பார்த்த இடம்? டிக்கெட் தளத்தையே நடத்தும் ஐஆர்சிடிசி.

2025-இல் ரயில்வே அமைச்சகமே சொன்னது: தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் நுழையப் பார்ப்பவற்றில் பாதிவரை 'பாட்' (bot) எனும் தானியங்கி நிரல்கள்தான், 2.5 கோடி கணக்குகளை முடக்கிவிட்டோம். மெத்தச் சரி. அத்தனை கோடியும் முளைக்கும்வரை காவலுக்கு யார் இருந்தார்கள்? அந்த ஜூலையில் ஆதார் வந்தது, ஓடிபி வந்தது, முதல் அரைமணி ஏஜென்ட்டுகளுக்குத் தடையும் வந்தது. திருடியவன் ஸ்கிரிப்ட்காரன், அடையாளம் காட்ட வேண்டியவன் முருகேசன்.

ஐயா, கேட்டால் பெர்த் கிடைக்கும் என்ற நிலை இருந்தால் எந்த மடையன் இந்த ஸ்கிரிப்டைக் காசு கொடுத்து வாங்குவான்? படிவத்தில் பெட்டிகளைக் கூட்டியது போதும். ரயிலில் கூட்டுங்கள்.