லாக் பெருத்துப் போச்சு!

கேள்வி: எங்கள் மில் சர்வரில் லாக் ஃபைல் 40 ஜிபி ஆகிவிட்டது. திறந்தாலே கம்ப்யூட்டர் தொங்குகிறது. அழித்துவிடலாமா?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: அதை நோட்பேடில் திறப்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரை சைக்கிளில் கட்டி இழுக்கிற கதை. 'டெயில் மைனஸ் எஃப்' என்ற கட்டளையைப் போடுங்கள். கடைசி வரிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பழைய சங்கதி வேண்டுமென்றால் 'கிரெப்'. பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா எடுக்கிற மாதிரி, 'எரர்' உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும்.

அழிப்பதில்தான் சங்கடம். ஓடுகிற புரோகிராம் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால், நீங்கள் அழித்தாலும் லினக்ஸில் இடம் காலியாகாது. பெயர் போகும், பாரம் போகாது! (நானும் ஒரு ராத்திரி அழித்துவிட்டு, டிஸ்க் ஏன் இன்னும் நிறைந்தே இருக்கிறது என்று விழித்தவன்தான்.) தவிர, 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, 180 நாள் லாக்கைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது.

ஆகவே 'லாக்ரொட்டேட்' வையுங்கள். தினமும் பழையதைச் சுருக்கி மூட்டை கட்டும். நீங்கள் சொன்ன கெடு தாண்டியதை அதுவே தூக்கிப் போடும். முதலில், புரோகிராமை 'டீபக்' நிலையில் விட்டிருக்கிறீர்களா பாருங்கள். இலை அசைந்தாலும் குரைக்கும். எதற்குக் குரைக்க வேண்டும் என்று ராஜபாளையத்துக்காரருக்கு நானா சொல்லித் தருவது?