ராஜா கரையேறினார்

மூன்று ராத்திரி கப்பலில் ராஜாவாக இருந்தவனை மறுபடி மனுஷனாக்க ஒரு துறைமுகம் போதும். சிங்கப்பூர் நெருங்குவதற்கு முந்தின இரவே, சீட்டு கட்டிய பெட்டியை அறைவாசலில் வைத்துவிடச் சொன்னார்கள். வைத்தேன். மறுநாள் போடவேண்டிய சட்டையும் அதோடு போய்விட்டது என்பது விடிந்த பிறகுதான் உறைத்தது.

லுங்கி, பனியனோடு மேல்தளம் போனேன். முகூர்த்த நாளில் மண்டப வாசலை அடைத்து நிற்கும் கார்களைப்போல, கண்ணுக்கெட்டியவரை நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள். 2024இல், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடிக்கும் மேலான கன்டெய்னர்களைக் கையாண்ட துறைமுகமாயிற்றே! இந்த நெரிசலில் வழிகாட்ட, சின்னப் படகில் வந்து கயிற்றேணியில் தொற்றி ஏறினார் பைலட். அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறிய அதே நேரத்தில், பயணிகள் நாங்கள் கடைசி பஃபேயில் தட்டைப் பிடித்துக்கொண்டு போராடினோம். கொடுத்த காசு அப்படி.

பிறகு, 2012இல் திறந்த மெரினா பே முனையத்தில் பாஸ்போர்ட் சோதனைக்கு வரிசை. நேற்றுவரை ‘சார்’, இன்று ‘குரூப் 14’. 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை என்று நினைவு வந்து, ஒருவர் அவசரமாகப் பையைத் துழாவினார்.

அரைமணி நேரம் நகராத வரிசையில், பின்னாலிருந்த பெரியவர் என் பனியனைச் சுரண்டினார்:

“தம்பி, இந்த லைன்ல என்ன போடறாங்க?”

“முத்திரைகூட இல்லை, ஐயா. எல்லாம் ஆன்லைன்தான்.”